அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஊர்

கேள்வி:

அக்கா, விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். இத்தாலியில் போலோக்னா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்து இன்றோடு 24 நாள். வந்து இறங்கிய அன்று நல்ல மழை. ஊர் முழுக்க நடைபாதைக்கு மேல் வளைவு வளைவாகக் கூரை போட்டிருக்கிறார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நனையாமலே நடந்தேன். சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஒரு வார்த்தை புரியவில்லை. தலைவலி மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்குப் போனேன், அங்கிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 9 மணி வகுப்புக்கு 8.50-க்கே போய் உட்கார்ந்தால் 9.10 வரை ஈ காக்கை இல்லை. எந்த ஆபீஸுக்குப் போனாலும் என் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வரி எண் கொடுத்தார்கள், அதில் என் பிறந்த தேதி 12-ஐ 52 என்று போட்டிருக்கிறார்கள். எங்கே போய்த் திருத்துவது? தேர்வு வேறு வாய்மொழியாம். இன்னும் அறை அமையாமல் ஹாஸ்டல் படுக்கையில் நாள் வாடகைக்கு இருக்கிறேன். ஒருவர் வாட்ஸ்அப்பில் அறைப் படங்கள் அனுப்பி, இரண்டு மாத வாடகையை முன்பணமாகப் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பினார். முதல் பார்வையிலேயே இந்த ஊருக்கு என்னைப் பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், போலோக்னா

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். அந்த வாட்ஸ்அப் ஆளுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் படம் அனுப்பியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நானும் இத்தாலியில் படித்தவள்தான். ஊர் பெயர் வேண்டாம். போகும் முன்பே, படங்களைப் பார்த்து மயங்கி, 350 யூரோ அனுப்பினேன். கொடுத்த முகவரியில் கட்டடம் இருந்தது. வாசலில் அழைப்பு மணிப் பலகையில் பன்னிரண்டு குடும்பப் பெயர்கள் வரிசையாக இருந்தன. எனக்கு அறை 'கொடுத்தவர்' பெயர் மட்டும் இல்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன். மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி என்னிடம் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. திரும்பப் போய் ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். அந்த 350 யூரோ இன்றுவரை வரவில்லை.

ஆகவே, அறையை நேரில் பாருங்கள், கதவைத் திறந்து உள்ளே போங்கள், ஒப்பந்தத்தைக் கையில் வாங்குங்கள், அதன்பிறகு பணம். வரித்துறையில் பதிவு செய்த ஒப்பந்தமாக இருக்க வேண்டும். 'பதிவு வேண்டாம், வாடகையில் குறைத்துக்கொள்கிறேன்' என்று சிலர் ஆசை காட்டுவார்கள். நீங்கள் மாநில உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் என்றால் வெளியூர் மாணவருக்கான கூடுதல் தொகைக்கு அந்தப் பதிவுதான் சாட்சி. குறையும் வாடகையைவிட இழக்கும் தொகை பெரிது. போலோக்னாவில் மாணவர் கூட்டத்துக்கு அறை போதாது என்பது உண்மை. அக்டோபரில் ஹாஸ்டல் படுக்கையில் கிடப்பவர் நீங்கள் ஒருவர் இல்லை.

இரண்டாவது அவசரம், நீங்கள் கடிதத்தில் எழுதாதது. 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்கிற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டீர்களா? நாட்டுக்குள் வந்து 8 வேலை நாளுக்குள் போட வேண்டும். உங்களுக்கு 24 நாள் ஆகிவிட்டது. போட்டிருந்தால் நல்லது, இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். போடவில்லை என்றால் நாளைக் காலை முதல் வேலை அது. முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போய்த் தாமதத்தைச் சொல்லிவிடுங்கள், பிறகு தபால் நிலையம். எல்லாத் தபால் நிலையத்திலும் நடக்காது, 'ஸ்போர்த்தெல்லோ அமீக்கோ' என்று எழுதியிருக்கும் கவுன்ட்டர் உள்ளதில் மட்டும். படிவ உறையை இலவசமாகத் தருவார்கள். 16 யூரோ வரி முத்திரை ஒன்று வேண்டும், அதைத் தபால் நிலையத்தில் தேடாதீர்கள். கறுப்புப் பலகையில் பெரிய 'T' எழுத்து போட்ட சிகரெட் கடையில்தான் விற்பார்கள். கடைசியில் தரும் ரசீதைத் தொலைத்தால் வீடு போனது மாதிரி. அட்டை வர மாதங்கள் ஆகலாம், அதுவரை அந்தத் துண்டுச் சீட்டுதான் நீங்கள். ஒன்று சொல்லி வைக்கிறேன்: விசா தேதி முடிந்தபின் வெறும் ரசீதோடு பாரிஸ், ஜெர்மனி என்று தோழிகளோடு கிளம்பாதீர்கள். அந்த ரசீது இத்தாலிக்குள் செல்லும், பக்கத்து நாட்டுக்குச் செல்லாது.

சரி, இனி உங்கள் 52-க்கு வருவோம். அது பிழையே இல்லை. அந்த வரி எண் 16 எழுத்து. முதல் மூன்று குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று உங்கள் பெயரிலிருந்து, பிறகு பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, அப்புறம் நாள். பெண் என்றால் நாளோடு 40-ஐக் கூட்டிப் போடுவார்கள். 12-ஆம் தேதி பிறந்த எல்லாப் பெண்களும் அந்த நாட்டில் 52-தான். அதற்கடுத்து Z222 என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் இந்தியா. திருத்தப் போய் வரிசையில் நின்றுவிடாதீர்கள். எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிற ஊர் என்ற உங்கள் பட்டியலிலிருந்து ஒன்று இப்போதே குறைந்துவிட்டது.

மற்றவற்றைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அந்த ஊரை ஆங்கிலத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் கடைக்கார அம்மாவுக்கும் நடுவே இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி நிற்கிறது. உங்கள் வாயில் இருக்கிற தமிழ் அங்கே எவ்வளவு உதவும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊர் பெயரிலேயே தொடங்கலாம். நீங்கள் எழுதுவது போலோக்னா. அவர்கள் சொல்வது பொலோஞ்ஞா. அந்த 'ஞ்ஞ' ஆங்கிலேயரைப் படாதபாடு படுத்தும், உங்களுக்கோ அது அரிச்சுவடியிலேயே வந்துவிட்டது. அடுத்து, ஒற்றை எழுத்து, இரட்டை எழுத்து. புளிக்கும் புள்ளிக்கும், கனிக்கும் கன்னிக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் இத்தாலியனில் அப்படியே இருக்கிறது. 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. வயதைச் சொல்லும்போது 'அன்னி' என்பதில் இரட்டை ன-வை விழுங்கிவிட்டால் சபையில் சொல்ல முடியாத பொருள் வந்துவிடும். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் வருடக்கணக்கில் அந்தக் குழியில் விழுவார்கள், உங்களுக்கு அது தானாக வரும். ஏழுக்கு அவர்கள் சொல்வது 'செத்தே'. முதல் தடவை காய்கறிக் கடையில் கேட்டபோது நான் சிரித்தே விட்டேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சொல்லுக்கு நடுவே ஒற்றையாக வரும் த, க, ப-வை நம் வாய் மெலித்துவிடும். அவர்கள் மெலிப்பதில்லை. தாகத்துக்கான சொல்லை நாம் நம் பழக்கத்தில் மெலித்துச் சொன்னால் அது 'அலுவலக இருப்பிடம்' என்றாகிவிடும். இதைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

இலக்கணத்துக்கு வாருங்கள். 'பார்லோ, பார்லி, பார்லா': பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள். வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார், 'நான், நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'மி பியாச்சே இல் கஃபே' என்பதைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள்: எனக்குப் பிடிக்கும் காபி. பிடிப்பது காபி, எனக்கு அது. ஆங்கிலத்தில் இதைத் தலைகீழாக்கித்தான் சொல்ல முடியும், தமிழில் அப்படியே வைக்கலாம். 'மி செம்ப்ரா' எனக்குத் தோன்றுகிறது. 'மி செர்வே' எனக்குத் தேவை. உங்கள் தலைவலி? 'மி ஃபா மாலே லா தெஸ்தா.' எனக்கு வலிக்கிறது தலை. பசி மட்டும் வேறு மாதிரி, நமக்குப் பசிக்கும், அவர்களோ பசியைச் சொத்து மாதிரி 'வைத்திருக்கிறேன்' என்பார்கள்.

எல்லாமே ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று மனப்பாடம் செய்கிற கொடுமை இருக்கிறது. அதில் தமிழ் உதவாது, தமிழில் நாற்காலி வெறும் நாற்காலி. தப்பாகச் சொல்லுங்கள், யாருக்கும் புரியாமல் போகாது.

நான் இதை வலிந்து சொல்வதாகத் தோன்றினால், இந்தப் பாதையில் உங்களுக்கு எதிர்த்திசையில் வந்த ஒருவரைச் சொல்கிறேன். 1680-இல் இத்தாலியில் கஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்து, ராவென்னாவிலும் நீங்கள் இப்போது இருக்கிற அதே பொலோஞ்ஞாவிலும் பயிற்சி பெற்று, 1710-இல் கோவாவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது கிட்டத்தட்ட முப்பது. பெஸ்கி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அவரை வீரமாமுனிவர் என்று படித்திருப்பீர்கள். சதுரகராதியை 1732-இல் தொகுத்தார், தேம்பாவணி பாடினார். நீங்கள் 'ஏ' என்று எழுதும்போது கீழே இழுக்கிற கோடுகூட அவர் செய்த சீர்திருத்தம் என்பார்கள். முப்பது வயதில் தொடங்கியவர் நம் எழுத்தையே திருத்தினார். உங்களிடம் நான் கேட்பது மருந்துக்கடை அளவு இத்தாலியன் மட்டும்தான்.

அந்த மருந்துக்கடைக்கே வருகிறேன். நீங்கள் உள்ளே நுழைந்ததும் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. நேரே மாத்திரை என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் செய்தேன். அங்கே கடைக்குள் கால் வைத்தவுடன் 'போன்ஜோர்னோ' சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனால் 'போனசேரா'. சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போவது, நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் செருப்போடு போய் நடுக்கூடத்தில் நின்று தண்ணீர் கேட்பது மாதிரி. 'சாவ்' சொல்லாதீர்கள், அது பழகியவர்களுக்கு. (அந்தச் சொல் வெனிஸ் பக்கத்து மொழியில் 'உங்கள் அடிமை' என்பதிலிருந்து வந்தது. நம் 'அடியேன்'தான், காலப்போக்கில் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் வந்து விழுந்திருக்கிறது.) பெரியவர்களிடமும் ஆபீஸிலும் 'லேய்', தோழிகளிடம் 'தூ'. நீங்கள், நீ. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது, அதனால் ஆங்கிலத்தில் பேசும்போது உங்கள் மரியாதை உங்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த அம்மா முகத்தைத் திருப்பினாரா, அல்லது ஆங்கிலம் தெரிந்த யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்தாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அன்று தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த முறை போன்ஜோர்னோ, தலை வலிக்கிற அந்த வாக்கியம், பிறகு 'பராச்சேத்தமோலோ'. மருத்துவர் சீட்டு வேண்டாம்.

ஒன்பது மணி வகுப்பு 9.15-க்குத்தான் தொடங்கும். அதைத் தாமதம் என்று யாரும் சொல்வதில்லை, 'கல்விக் கால்மணி' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. தொடக்கம் 1088 என்று சொல்லிக்கொள்கிற பல்கலைக்கழகம், கால்மணி நேரத்துக்கெல்லாம் பதறாது. நீங்கள் 9 மணிக்குப் போங்கள், வாசலில் நிற்கிற காபிக் கடையில் நின்றபடியே ஒன்றைக் குடித்துவிட்டு உள்ளே போகலாம். 'லாத்தே' என்று கேட்காதீர்கள், வெறும் பால் வரும்.

வாய்மொழித் தேர்வைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் 'வைவா' என்றால் பத்து மதிப்பெண் சடங்கு. அங்கே பல பாடங்களில் முழுத் தேர்வும் அதுதான். பேராசிரியர் எதிரே உட்காருவார். 'உங்களுக்குப் பிடித்த தலைப்பில் ஆரம்பியுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொள்வார், சிலர் நேரே கிடுக்கிப்பிடி போடுவார்கள். மற்ற மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் அது அவமானமாகத் தெரியும். ஆனால் உங்களுக்கு அது வரம். தேர்வுத் தேதி ஒன்றுக்கு மேல் இருக்கும். முதல் தேதியில் எழுதாமல், வெறுமனே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து என்ன கேட்கிறார், எங்கே மடக்குகிறார் என்று குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். அங்கே அது திருட்டுத்தனம் இல்லை, எல்லோரும் செய்வதுதான். மதிப்பெண் 30-க்கு. 18 தேர்ச்சி. 30-க்கு மேல் 'லோதே' என்று ஒரு பாராட்டும் உண்டு. கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம், மறுபடி வருகிறேன்' என்று மறுக்கவும் வழி இருக்கிறது, எத்தனை முறை என்பதைப் பாடத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வாங்குபவர் மட்டும் மறுக்கும் முன் யோசிக்க வேண்டும். முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் குறிப்பிட்ட கிரெடிட் சேராவிட்டால் அடுத்த தவணைக்கு ஆபத்து.

வாய்மொழி என்பது அந்த ஊரின் மிகப் பழைய வழக்கம். வீரமாமுனிவர் இங்கே அகராதி தொகுத்த அதே 1732-இல், பொலோஞ்ஞாவில் லாவ்ரா பாஸ்ஸி என்ற இருபது வயதுப் பெண் நகர மாளிகையில் எல்லோர் முன்னிலையிலும் 49 கருத்துரைகளை வாயால் வாதிட்டுப் பட்டம் வாங்கினார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிய பேராசிரியர் ஆனார். அவர் வாதிட்டதும் தாய்மொழியில் இல்லை, இலத்தீனில்.

மாணவர்களின் மூடநம்பிக்கைக்கும் அங்கே குறைவில்லை. 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தில் 498 படிகள். பட்டம் வாங்கும் முன் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பார்கள். பக்கத்துக் கோபுரம் சாய்வது அதிகமானதால் 2023 அக்டோபரிலிருந்து அதையும் மூடிவைத்திருக்கிறார்கள், ஆகவே அந்த ஆபத்தும் உங்களுக்கு இல்லை.

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றால் மட்டும் இது: அந்த ஊர் இறைச்சிக்குப் பேர்போனது. தொர்தெல்லினி வேண்டாம், உள்ளேயும் இறைச்சி, குழம்பும் இறைச்சிச் சாறு. ரிக்கோத்தா வைத்த தொர்தெல்லோனி கேளுங்கள். பியாதினா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், 'ஸ்த்ருத்தோ' என்று இருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள்.

திரும்பி வரலாமா என்று கேட்டீர்கள். இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் தேர்வுக் காலம் ஜனவரியும் பிப்ரவரியும். அது முடியட்டும். அதுவரை பல்கலைக்கழக மொழி மையத்தில் இத்தாலிய வகுப்பில் சேர்ந்து, இரண்டு தேர்வாவது கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரத்தான் வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். நானே உங்கள் அப்பாவிடம் பேசுகிறேன். 24 நாளில், சொந்தமாக ஓர் அறைகூட இல்லாமல், ஹாஸ்டல் படுக்கையில் படுத்துக்கொண்டு எடுக்கிற முடிவு படிப்பைப் பற்றியதாக இருக்காது, தூக்கத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் பிப்ரவரிக்குக் காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான உளவியல் உதவிப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் 112-ஐ அழையுங்கள், உடனே யாராவது ஒருவர் அருகில் போய் உட்காருங்கள்.

வீட்டில் முழுப் பொய் சொல்லி வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அறை இன்னும் கிடைக்கவில்லை, மொழி கஷ்டமாக இருக்கிறது என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். நிலத்தை அடமானம் வைத்தவருக்கு இந்த இரண்டையும் தாங்கத் தெம்பு இருக்கும்.

அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் உங்களை ஒதுக்குவது இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது, அவர்களுக்கு மரியாதையாகக் கூப்பிட அதுதான் பெயர். அறை கிடைத்ததும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வாசலில் அழைப்பு மணிப் பலகையிலும் கீழே இருக்கிற தபால் பெட்டியிலும் அந்தப் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லை என்றால் தபால்காரர் பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பிவிடுவார், அதில் தங்கும் அனுமதி தொடர்பான போலீஸ் அலுவலகக் கடிதமும் இருக்கலாம். ஒட்டியபின் அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள்.

— அக்கா